சிவப்புக் கோடு

செஞ்சியிலிருந்து வல்லம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணியும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்கண்ணன் நல்லாதான் இருக்காரு. நேத்துகூட சீரியல் பாத்திருக்காரு," என்றாள் அண்ணி.

"குவைத்துலேர்ந்து போன் பண்ணிச்சா?"

"சண்டை போட்டதுலேர்ந்து அவரும் பண்ணல, நானும் பண்ணல. அங்க நம்ம ஊரு சீரியல் பாக்கறதுக்கு என் கணக்குலதான ஆப்ப போட்டிருக்காரு. பாத்த வரைக்கும் கீழ சிவப்புக் கோடு காட்டுது இல்ல? தெனம் காலைல அதப் பாத்துட்டுதான் அடுப்பு பத்த வைக்கறேன். கோடு நகந்திருந்தா போதும் எனக்கு."

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செஞ்சி மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"அண்ணி, போன மாசம் அதே ஆப்ப உன் கணக்குலயே என் போன்லயும் போட்டுக் குடுத்தியே."

"ஆமா, அதுக்கு இன்னா?"

"அந்த சீரியல தெனம் பாக்கறது நான்தான் அண்ணி."

அண்ணி போனை எடுத்து கணவனின் நம்பரைத் தட்டிக் காதில் வைத்தாள். பதிவு செய்த பெண் குரல் ஒன்று அரபியில் ஏதோ சொல்லியது எனக்கும் கேட்டது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னது.

போனை நாத்தனாரின் காதில் வைத்தாள்.

"இன்னாடி சொல்றா அவ?"