விதைத்து மீந்த கடலை

பிச்சாட்டூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில், முன்சீட்டுக்காரர் தன் மனைவியிடம் சொன்னார்: “மருந்தில்லாத தீனி போடணும்னு போய், கோழிங்கள நானே கொன்னுட்டேன்.”

“மெதுவா பேசு. திருப்பதில எறங்கினதும் முட்ட எங்கன்னு பாப்பா கேட்டா இன்னா சொல்லுவ?”

“நம்ம பொண்ணு மாசமா கீது, மருந்து கலக்காத முட்டதான் துன்னணும்னு அதுதானே சொல்லிச்சி? புத்தூரு, ஏர்பேடுன்னு கட கடையா தேடினேன். எங்க போனாலும் மருந்து கலந்த கம்பெனி தீனிதான். அதுக்கு நம்ம கொல்லில வெளஞ்ச வேர்க்கடலையே மேலுன்னு போட்டேன்.”

“கம்பெனி தீனி துன்னுகினு நல்லாத்தான் இருந்துச்சிங்க. நீ போட்டது வெதச்சது போக மீந்த கடல. பூச்சி அரிக்கக்கூடாதுன்னு மருந்துப்பொடி பெரட்டினதே நீதானே?”

“இந்தக் கையாலதான் பெரட்டினேன். எப்படி மறந்தேன்னே தெரியல.”

பேருந்து ரேணிகுண்டாவைத் தாண்டியது. மனைவிதான் மறுபடி ஆரம்பித்தார்.

“அடைக்கோழி ஒண்ணு மிச்சம் கீது. முட்டைய வுட்டு எழுந்து வராததால அது பொழச்சிது. குஞ்சு பொரிச்சதும் பாப்பாகிட்ட சொல்லிக்கலாம்.”

“குஞ்சுங்களுக்கு இன்னா போடறது?”

“அரிசி நொய்யி போடேன்.”

அவர் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

“நீயே போடு. நான் கிட்டக்கூட வரமாட்டேன்.”