ஆள் இல்லை என்று எழுதிய கட்டடம்

சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். வருடம் எழுபத்தெட்டாக இருக்கலாம். எழுபத்தொன்பதாகவும் இருக்கலாம். மழை பெய்தது மட்டும் நிச்சயம். அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்துவிடுங்கள்... போதும். என் கூட்டாளியின் அக்கா நவமணி. அவர் கணவர் ஜெயபாலனுக்கு நடந்தது இது.

மாலை ஆறே முக்கால். மலேசியாவில், ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகிற சாலையில் ஒரு மண்பாதை உள்ளே பிரியும். இரண்டு பக்கமும் பால்வெட்டு நின்றுபோன ரப்பர் மரங்கள். ஒரு சைக்கிள்கூட எதிரே வரவில்லை. அலுவலகக் கார் மட்டும் சேற்றில் முனகிக்கொண்டு போனது.

எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். உபயோகம் தீர்ந்த அரசாங்கக் கட்டடங்களைப் பார்த்து எழுதுவது அங்கே வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். இடிக்கலாம், விற்கலாம், பழமைக்காக வைத்துக்கொள்ளலாம். கடைசியில் ஒரு கட்டம்... உள்ளே ஆள் உண்டா, இல்லையா. கூப்பிட்டுப் பார்த்து, காத்திருந்து, பிறகுதான் அதை நிரப்ப வேண்டும்.

அன்றைக்குப் பார்க்கப் போனது, அரசாங்கம் எடுத்துக்கொண்ட ஒரு பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி. பலகைக் கட்டடம். ஜன்னல்களுக்கு மேலே மரத்தில் பூ வேலை. மேலதிகாரி குலசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், டார்ச் விளக்கை அடித்து அடித்துப் பார்த்தார்.

"என்ன வேலைப்பாடு பாத்தீரே, ஐசே! இதை இடிக்க விடப்படாது."

ஜெயபாலன் தலையாட்டினார்.

"ஆனா பேய்வீடு மாதிரிக் கிடக்கு. தோட்டத்து ஆக்கள் இதுக்குள்ளயோ பிள்ளை பெத்தவை?"

குலசிங்கம் சிரித்தார். ஜெயபாலனும் சிரித்தார்.

ஜெயபாலன் பிறந்தது அங்கேதான். பால்வெட்டுக்கார மாயாண்டியின் ஐந்தாவது பிள்ளை. அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தது வேறு. அப்பாவுக்கு ஈப்போவில் துணிக்கடை என்று.

"பின்னாலை ஒருக்காப் பாத்திட்டு வாரும். மழை பிடிக்கப் போகுது." குலசிங்கம் காருக்குள் ஏறிக்கொண்டார்.

பின்கதவு சாத்தியிருந்தது. கிட்டே போனதும் வாசனை. கார்பாலிக் சோப்பு... வெற்றிலை... ஈரப் பாய். அந்த ஆஸ்பத்திரி ஆயா செல்லாயியின் வாசனை. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்று, சனமெல்லாம் போன பிறகும் அவள் போகவில்லை என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அவரைப் பிறந்த ஈரத்தோடு கையில் வாங்கியவள். முகத்தைக் கண்டால் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அப்பன் பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவாள். உரக்கக் கூப்பிடுவாள்.

"உள்ள ஆள் இருக்கா?"

தகரக் கூரையில் முதல் தூறல்.

"உள்ள ஆள் இருக்கா?"

பாய் சரசரத்தது. கால் ஒன்று இழுபட்டு இழுபட்டு வந்தது. தாழ்ப்பாள்... கிர்ர்... பாதியில் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு.

விளக்கு வைத்த பிறகு வாசலில் யார் கூப்பிட்டாலும், மூன்றாவது கூப்பாட்டுக்கு முன்னால் தோட்டத்தில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். செத்தவர்களால் இரண்டு முறைக்கு மேல் கூப்பிட முடியாது என்று நம்பிக்கை. ஜெயபாலனுக்கு அது தெரியும். அவள் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இன்னும் ஒரே ஒரு கூப்பாடு.

கார் ஹாரன் அடித்தது. "என்ன ஐசே, ஆராவது உண்டோ?"

"ஆள் யாரும் இல்லீங்க, சார்."

சுலபமாக வந்துவிட்டது வார்த்தை. தாளிலும் அதையே எழுதினார்.

அது வெள்ளிக்கிழமை. சனியும் ஞாயிறும் தாள் அவர் பையிலேயே இருந்தது. ஒரு வார்த்தையை அடித்துவிட்டு வேறு எழுதினால் போதும். நவமணி இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலும் இல்ல. அப்புறம் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?" திங்கட்கிழமை தாள் அப்படியே மேசைக்குப் போனது.

வைத்துக்கொள்ளும் கட்டடத்துக்குத்தான் காவல் அதிகம். பலகையைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா? புதன்கிழமை ஆட்கள் வந்து எல்லாக் கதவுக்கும் ஜன்னலுக்கும் தகரம் வைத்து ஆணி அடித்தார்கள். தாளில் ஆள் இல்லை என்று இருந்தது. அவர்கள் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சாயம் அடிக்கத் திறந்தபோது கண்டார்கள். பின்கதவோரம் பாய். தலை கதவுப் பக்கம். என்றைக்குப் போன உயிர், ஆணி அடிப்பதற்கு முன்னாலா பின்னாலா, டாக்டரால் சொல்ல முடியவில்லை. தாழ்ப்பாள் பாதி இழுத்தபடியே இருந்தது.

போலீஸ்காரர் ஜெயபாலனிடம் மலாயில் கேட்டார், இந்தக் கிழவியைத் தெரியுமா என்று. குலசிங்கம் பக்கத்தில் நின்றார்.

"தாக் கெனால்." தெரியாது.

மறுநாள் மாலை, டவுனில் அவர் வீட்டில், விளக்கு வைத்த நேரம். நவமணி அடுப்படியிலிருந்து வந்தார். ஜெயபாலன் நாற்காலியில் இருந்தார்.

"வெளிய யாரோ கூப்புடுறாங்க லா." நவமணி அவர் முகத்தைப் பார்த்தார். "குரலு... உங்க குரல் மாதிரியே இருக்குங்க."

*உள்ள ஆள் இருக்கா?*

கொஞ்ச நேரம்... மறுபடியும் ஒரு முறை. பிறகு ஒன்றும் இல்லை.

தினமும் வரவில்லை. மழை கட்டுகிற மாலைகளில் வந்தது. வீடு மாற்றினார்கள். அங்கேயும் வந்தது. இரண்டே முறை. ஜெயபாலன் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். பாதி இழுப்பார். மூன்றாவது கூப்பாட்டுக்காகக் காத்திருப்பார். சோறு ஆறிப்போகும். நவமணி அதை மறுபடி சூடு பண்ணுவார். ஆறு வருடம் இப்படி.

எண்பத்தைந்தில் ஒரு மழை நாள். இரண்டாவது கூப்பாடு முடிந்ததும் அவருக்கு என்ன ஆனதோ, கதவைப் படாரென்று திறந்தார். "இருக்கேன்! நான் உள்ளதான் இருக்கேன்!" என்று கத்தினார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

வாசலில் யாரும் இல்லை. கார்பாலிக் வாசனை. இருட்டில், கொஞ்சம் தள்ளி, அவருடைய குரலே யாருக்கோ மரியாதையாகச் சொன்னது.

"ஆள் யாரும் இல்லீங்க, சார்."

கார்க் கதவு சாத்துகிற சத்தம். கார் போகிற சத்தம். அதற்கப்புறம் அந்தக் குரல் வரவே இல்லை.

குலசிங்கம் பென்ஷன் வாங்கிக்கொண்டு காம்பாரில் மகனோடு இருந்தார். அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியதைக் கடைசிவரை பெருமையாகச் சொன்னார். கட்டடம் பச்சைச் சாயத்தோடு நன்றாக நிற்கிறது. கல்யாண ஜோடிகள் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஜெயபாலன் எண்பத்தேழில் சர்க்கரை வியாதியில் போய்விட்டார். சாகிற வாரம்தான் நவமணியிடம் எல்லாம் சொன்னார். நவமணி பாரிட் புந்தாரில் மகள் வீட்டில் இருக்கிறார். செல்லாயியைப் பேர் தெரியாத கிழவி என்று எழுதி, ஒரு நம்பர் குச்சி நட்டுப் புதைத்தார்கள். அந்தப் பேரைச் சொல்ல ஜெயபாலன் போகவில்லை. நவமணியும் போகவில்லை.

நானும் போகவில்லை.