ஐஸ் தட்டுக்கு அடியில்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் சின்னது. மீன் வாங்கிய நாளில் உம்மா மற்ற சாமான்களை இடம் மாற்றிவிடுவார். ஒருநாள் லாத்தாவின் ஊசி மருந்து அப்படித்தான் ஐஸ் பெட்டிக்குள் போனது. அந்த முதல் தடவை நான் செய்ததல்ல. நீங்கள் கேட்டதால் மற்றதையும் சொல்கிறேன்.

ஷமீமா லாத்தா என் கூடப்பிறந்த அக்காள். இரண்டு கிட்னியும் போய் டயாலிசிஸில் இருந்தாள். கிட்னி கெட்டால் உடம்பில் ரத்தம் ஊறாது. அதற்குத்தான் அந்த ஊசி. உறைந்துவிட்டால் அது செத்த மருந்து, உருகிய பின் பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்று, குர்லாவில் நான் படிக்கும் லேப் டெக்னீஷியன் மாலை வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

தாராவி வீட்டில் ஊசி போடுவது நான்தான். "வாசிமுக்கு கைராசி உம்மா. அவன் போட்டா எறும்பு கடிச்சாப்ல கூட இருக்காது" என்பாள் லாத்தா.

கிட்னி கொடுப்பதும் நான்தான் என்று வீட்டில் முடிவானது. சோதனையில் பொருந்தியும் விட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

வகுப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். பிறர் ரத்தத்தை ஏற்ற ஏற்ற, உடம்பு அதை எதிர்க்கப் பழகும். பிறகு பொருந்திய கிட்னியும் பொருந்தாமல் போகலாம்.

அதன்பின் மருந்தை நானே ஐஸ் தட்டுக்கு அடியில் வைத்தேன். எடுத்து, உள்ளங்கையில் பொத்தி உருக்கி, நிதானமாகப் போட்டேன்.

"ஜில்லுனு இருந்தா எனக்கு வலிக்குமாம். சூடு பண்ணுதான் பாருங்க" என்று லாத்தா சிரித்தாள்.

அவள் வெளுத்துக்கொண்டே போனாள். ஏணிப்படியில் பாதியில் உட்கார்ந்தாள். "ஊசி பரோபர் போடுதோமே, ஒருநாளும் தப்பலையே டாக்டர் சாப்" என்று உம்மா அழுதார். வேறு வழியின்றி ரத்தம் ஏற்றினார்கள். திரும்பத் திரும்ப ஏற்றினார்கள். மறுசோதனையில் பொருந்தவில்லை என்றார் டாக்டர். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று இருந்தேன்.

லாத்தா என்னைத்தான் தேற்றினாள். "நீ என்னல செய்வ? என் ரத்தம் சரியில்ல."

ரமலான் பிறப்பதற்குள் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டாள்.

சந்தில் யாருக்காவது ஊசி என்றால் உம்மா இப்போதும் என்னைத்தான் அனுப்புகிறார். கைராசியாம். வலது உள்ளங்கை மட்டும் வெயிலில் நின்றாலும் சில்லிட்டே இருக்கிறது. தொட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். தரமாட்டேன் என்று லாத்தாவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.