கேக் வெட்டி முடியட்டும்

பிறந்த நாளுக்குக் கேக் வாங்குவதாக இருந்தால், கடை முன்னால் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதை வாங்காதீர்கள் சார். காலையிலேயே போய், உள்ளேயிருந்து புதிதாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். ராபர்ட்சன்பேட்டையில் எனக்கு அப்படித்தான் தருவார்கள்.

நாற்பத்தாறு வயதில் எதற்குப் பிறந்த நாள் என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. வருடம் முழுக்க விடியுமுன் எழுந்து, பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே போய், எவனோ ஒருவனுடைய கம்பெனிக்கு உழைத்துவிட்டு வருகிறேன். ஒரே ஒரு நாள் லீவு போட்டு, தலைக்குக் குளித்து, புதுப் புடவை கட்டிக்கொண்டு, நாலு பேர் என்னைப் பார்த்துப் பாடுவதைக் கேட்கப் பிடித்திருக்கிறது. குழந்தைகளுக்கு அந்த நாளின் அருமை தெரியாது. அதற்கு வயதாக வேண்டும்.

என் அக்கா ஆனிக்கு மட்டும் அது பொறுக்காது. பாலகாட் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் அப்பா விட்டுப்போன வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. அவளுக்கு ஆஸ்துமா. என் பிறந்த நாள் ஜூலையில் வருகிறது. அந்த மாதம் காற்றடித்தால் சுரங்கத்து மண்மேட்டிலிருந்து மாவு மாதிரித் தூசி கிளம்பும், அதனால்தான் இழுக்கிறது என்றார் டாக்டர். இருக்கலாம். ஆனால் மற்ற நாட்களில் அவளுக்கு இழுத்து நான் பார்த்ததில்லை. நான் ரயிலில் இருப்பேன், ஞாயிறென்றால் தூங்குவேன். நான் விழித்துக்கொண்டு வீட்டில் இருக்கிற அந்த ஒரு நாள் மட்டும் தவறாமல் இழுக்கும். போன வருடம் மெழுகுவர்த்தி ஏற்றிய கையோடு ஆட்டோ கூப்பிட ஓடினேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன்.

அதனால் இந்த வருடம் காலையிலேயே அவளுடைய இன்ஹேலரை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் மருந்து இல்லையென்றால் நடிக்கவும் பயமாக இருக்கும் அல்லவா?

மத்தியானம் பக்கத்து வீட்டு மாலாவும் அவள் புருஷன் சிரிலும் வந்தார்கள். சிரில் கிட்டார் கொண்டுவந்திருந்தான். கேக்கை மேஜையில் வைக்கும்போது அக்கா பின் அறையிலிருந்து கூப்பிட்டாள்.

“லூயிசா, என் பம்ப் எங்கடி வெச்ச? காலைலருந்து தேடுறேன்.”

“இன்னாக்கா, இன்னிக்குமா?”

“முடியலடி. மூச்சு வர மாட்டேங்குது.”

“கேக் வெட்டிட்டு வந்து தேடித் தரேன். கொஞ்ச நேரம் படு.”

கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். வந்தவர்கள் முன்னால் நின்று இருமினால் யாருக்குச் சாப்பாடு இறங்கும்?

பாட்டு ஆரம்பித்ததும் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாலா திரும்பிப் பார்த்தாள்.

“இன்னா சத்தம் அது?”

“அக்காதான். உள்ளேருந்தே தாளம் போடுது.”

எல்லோரும் சிரித்தோம். சிரில் அந்தத் தாளத்துக்கே வாசித்தான். நன்றாகத்தான் இருந்தது சார். அப்புறம் தாளம் தப்பியது. அப்புறம் நின்றுவிட்டது. இன்னொரு பாட்டுப் பாடச் சொன்னேன். இரண்டு துண்டு கேக் சாப்பிட்டேன். மாலா போனில் படம் எடுத்தாள். எந்தப் படத்திலும் இவ்வளவு லட்சணமாக நான் விழுந்ததில்லை.

அவர்கள் போன பிறகு அக்காவுக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போனேன். தாழ்ப்பாளை நீக்கியும் கதவு நகரவில்லை. அதன்மேலேயே சாய்ந்து கிடந்தாள். தள்ளித் திறந்து, இன்ஹேலரை அவள் கையில் வைத்துவிட்டுத்தான் மாலாவைக் கூப்பிட்டேன்.

கதவின் உட்பக்கத்தில் நகக்கீறல் இருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கும். நான் எதையும் மறைக்கவில்லை. மருந்தை எடுத்தது நான். தாழ்ப்பாள் போட்டது நான். தட்டுவது காதில் விழுந்தும் பாடச் சொன்னது நான். ஆனால் கொலை என்று எழுதுகிறீர்களே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. கேக் வெட்டி முடித்ததும் கொடுக்கத்தான் இருந்தேன். அக்காவுக்குத்தான் கொஞ்சமும் பொறுமை இல்லை.