வாய் நிறையத் தண்ணீர்

— நான் என்ன வேணும்னேவா பண்ணினேன்? வாய் தானாத் திறந்துக்கிச்சு.

— ச... சரி. வாய் தானாத் திறந்துக்கிச்சு. அது எப்படிங்க பொம்பளைக் குரல்ல திறந்துச்சு?

— பின்ன, ஆம்பளைக் குரல்ல "நான் ரொம்பப் பொறுமைசாலியான பெண்மணி"ன்னு சொன்னா நம்புவாங்களா?

— இப்ப மட்டும் ந... நம்பிட்டாங்களாக்கும்.

— நம்பத்தான் செஞ்சாங்க மகாராணி, நான் தும்முற வரைக்கும். எல்லாத்தையும் பொம்பளைக் குரல்ல பண்ணிடலாம், தும்மலை என்ன பண்றது சொல்லு. அது பரம்பரைத் தும்மல். எங்கப்பா தும்மினா எதிர்வீட்டு நாய் எழுந்திரிச்சுப் போகும்.

— அவங்க என்னைத்தான் கேட்டாங்க. "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னு. நான் சொல்லத்தான் போனேன்.

— போன்ல அவ்வளவு நேரம் சத்தமே இல்லாம இருந்தா, லைன் கட்டாயிடுச்சுன்னு வெச்சிட மாட்டாங்களா? எனக்குப் பதறிடுச்சு. பதினோரு மணிக்கு இன்டர்வியூன்னு காலையிலேர்ந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கிட்டே இருந்தே. அதைப் பார்த்துட்டு நான் எப்படிச் சும்மா இருக்கிறது?

— வெக்க மாட்டாங்க. அது ஆஸ்பத்திரி. காத்திருந்து பழக்கம் அவங்களுக்கு.

— அந்த அம்மா திரும்பக் கூப்பிட்டாங்களே, என்ன சொன்னே? டிவி ஓடிக்கிட்டிருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்.

— என் வீ... வீட்டுக்காரர்னு சொன்னேன்.

— போச்சு.

— சிரிச்சாங்க. பிறகு, நாளைக்கு நேர்ல வாங்கன்னாங்க.

— பார்த்தியா! நல்லதாத்தானே முடிஞ்சிருக்கு. எத்தனை மணிக்குக் கிளம்பணும்? கடையில லீவு சொல்லிடறேன்.

— பி... பிறகு பேசலாம் அதை.

— இந்த வீட்டுல நீ ஒருத்திதான் "பிறகு, பிறகு"ன்னு செய்தி வாசிக்கிற மாதிரி பேசுறது. ஊர் உலகம் "அப்புறம்"னு சொல்லுது.

— அந்தச் சொல் எனக்கு அடைக்கும். இத்தனை வருஷமாத் தெரியாதா? அடைக்கிற சொல்லை விட்டுட்டு ப... பக்கத்துல இருக்கிறதை எடுத்துக்குவேன். சில நாள் அதுவும் அடைக்கும்.

— சரி சரி. வா, உட்காரு. நான்தான் அதிகாரி. இது மேசை. கேள்வி எல்லாம் எனக்கு அத்துப்படி. எந்தக் கம்பெனியிலயும் கேட்கிறது அதே ஆறு கேள்விதான்.

— எந்த அதிகாரிங்க ப... பனியனோட உட்காருவார்?

— வெயில் காலத்து அதிகாரி. சரி, சட்டை போட்டாச்சு. முதல் கேள்வி. உங்க பேர் என்ன?

— எ... எ... என்...

— "அதான் அப்ளிகேஷன்ல இருக்கே மேடம்"னு பளிச்சுனு சொல்லிடு.

— பார்த்தீங்களா?

— எதைப் பார்த்தேன்?

— நான் இன்னும் "என் பேர்"லயே நிக்கிறேன். நீங்க உள்ள போய்க் கதவைச் சாத்திட்டீங்க.

— உனக்கு உதவி பண்றதா நினைச்சு...

— எல்லாச் சொல்லையும் மாத்திக்கலாங்க. பேரை எதால மா... மாத்துறது? அதை நான்தான் சொல்லியாகணும். எவ்வளவு நேரமானாலும்.

— நான் வேணும்னு பண்றதில்ல மகாராணி. துணிக்கடைப் புத்தி. கஸ்டமர் வாயைத் திறந்து "நீல"ன்னு சொல்றதுக்குள்ள அறுபது நீலத்தை விரிச்சுப் போட்டிருப்பேன். முதலாளி அதுக்குத்தான் சம்பளம் தர்றார்.

— அந்த டம்ளரை எடுங்க.

— எதுக்கு?

— ஒரு வாய் தண்ணி ஊத்திக்கோங்க. முழுங்கக் கூடாது. நான் சொல்லி முடிச்ச பிறகு முழுங்கலாம். கேள்வியைக் கேட்டுட்டுத் திரும்ப ஊத்திக்கோங்க.

— என்னை என்னன்னு நினைச்சே? பூந்தொட்டின்னா?

— ஊத்துங்க.

— சட்டை நனைஞ்சா நீதான் தேய்க்கணும்... சரி, முறைக்காதே. கேள்வியைக் கேட்டுட்டு ஊத்திக்கிறேன். இப்ப பார்க்கிற வேலையை ஏன் விடுறீங்க?

— நான் ஒரு ஹோட்டல் ச... சலவைக் கூடத்துல இருக்கேன். படுக்கை விரிப்பு, துண்டு, தலையணை உறை. நாலு பெரிய மெஷின். அது ஓடும்போது யாரும் யார்கிட்டயும் பேச முடியாது. கையாலதான் காட்டிக்குவோம்.

— ம்ம்.

— அதுக்காகத்தான் அங்க சேர்ந்தேன். அதுக்காகத்தான் இ... இப்ப வெளிய வரேன்.

— ம்ம்ம்?

— முழுங்குங்க.

— அடேயப்பா. இது நல்லாயிருக்கே! எங்க பிடிச்சே இதை?

— எங்கயும் பிடிக்கலை. எ... என்கிட்டயே இருந்துச்சு. அடுத்தது.

— உங்க பலவீனம் என்ன? இரு, இதுக்கு ஒரு வழி இருக்கு. எல்லாரும் என்ன சொல்லுவாங்கன்னா, "நான் வேலைன்னு வந்துட்டா வீட்டையே மறந்துடுவேன் சார்" அப்படின்னு, பலத்தையே கொஞ்சம் அழுக்காக்கி...

— தண்ணி.

— ம்.

— எனக்குத் திக்குவாய். ப... பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். ஆனா வரும். இதைத்தான் சொல்லப் போறேன்.

— ஐயோ, முழுங்கிட்டேன். அதைப் போய் நீயா ஏன் சொல்றே? அவங்களாக் கண்டுபிடிக்கட்டுமே.

— ஆமா. நான் சொல்லலைன்னா தெ... தெரியவே தெரியாது.

— கிண்டலா? சரி, சொல்றதுதான் சொல்றே, சிரிக்கிற மாதிரி சொல்லு. நம்ம கதையைச் சொல்லேன். அந்த அம்மாவே நாற்காலியிலேர்ந்து விழுந்துடுவாங்க.

— எந்தக் கதை?

— எந்தக் கதையா? கடையில ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா கேட்டு வாங்கிச் சிரிக்கிறாங்க. உங்கப்பா வீட்டு முன்ரூம். இந்தப் பக்கம் எங்க ஆளுங்க, அந்தப் பக்கம் உங்க ஆளுங்க. உங்கப்பா உன்னைப் பார்த்து, "என்னம்மா சொல்றே?"ன்னு கேட்கிறார். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு "பி... பி..."ன்னு நிக்கிறே. நான் எழுந்திரிச்சு, "பிடிச்சிருக்காம் மாமா!"ன்னேன். கல்யாணம் முடிவாயிடுச்சு. "என் பொண்டாட்டி ஒரே ஒரு எழுத்துதான் சொன்னா, மீதியை நான்தான் சொன்னேன்"னு முடிப்பேன் பாரு, கைத்தட்டல் அடங்காது.

— அந்தக் கதை வே... வேண்டாம்.

— ஏன்?

— வேண்டாம்ங்க. அடுத்த கேள்வி.

— நல்ல கதை. வீணாப் போகுது. சரி. இந்த வேலை உங்களுக்கு ஏன் வேணும்? இதுக்கு நல்லாச் சொல்லணும் நீ. எனக்கே தெரியலை. பேச்சே இல்லாத வேலை எத்தனையோ இருக்க, போயும் போயும் ஆபரேஷன் கூடத்து வாசல்ல உட்கார்ந்து, காத்திருக்கிறவங்களுக்குத் தகவல் சொல்ற வேலை. நாள் முழுக்கப் பேச்சு. ஏன்?

— தண்ணி ஊத்திக்கிட்டீங்களா?

— ம்ம்.

— நிறைய ஊத்திக்கோங்க. இது பெரிசு.

— ம்.

— உங்களுக்கு நெஞ்சுல ஆபரேஷன் நடந்த அன்னைக்கு நான் அந்தக் கூடத்துலதான் இருந்தேன். வரிசையா நாற்காலி. எல்லாரும் அந்த ரெட்டைக் க... கதவையே பார்த்துக்கிட்டு. பச்சை உடுப்புல ஒருத்தர் வந்தார். உங்க பேரைச் சொல்லி, யாருன்னு கேட்டார். நான் எழுந்திரிச்சேன். ஆபரேஷன் எப்படிப் போகுதுன்னு கேட்கணும். "ஆ... ஆ..."ன்னு நின்னுட்டேன்.

— ம்ம்.

— அவருக்கு அவசரம். பாவம், உள்ள எத்தனை வேலையோ. "மு... முடிஞ்சிடுச்சும்மா"ன்னு சொல்லிட்டார். தோள்ல லேசாத் தட்டினார். திரும்பிப் போயிட்டார்.

— ம்ம்?

— எது முடிஞ்சிடுச்சுன்னு கேட்கணும். "எ" வரலை. மாத்திக் கேட்க வேற சொல்லும் கிடைக்கலை. கதவு சாத்திடுச்சு.

— ...

— உங்க கண்ணாடி என் பையில இருந்துச்சு. உள்ள போறப்ப கழட்டிக் குடுத்தீங்களே. அதை எடுத்துத் து... துடைச்சேன். நல்லா ஊதி ஊதித் துடைச்சேன். இனிமே இதை யாரும் போடப் போறதில்லைன்னு தெரியுது. ஆனாலும் கை நிக்கலை. நம்ம பொண்ணுக்கு எப்படிச் சொல்றது, போன்ல முதல் சொல்லா எதைச் சொன்னா அடைக்காதுன்னு யோசிச்சுக்கிட்டே துடைச்சேன்.

— ம்...

— ரொம்ப நேரம் கழிச்சு ஒரு நர்ஸ் வந்தாங்க. "கண்ணு முழிச்சிட்டார். முழிச்சதும் முழிக்காததுமா க... கண்ணாடி எங்கன்னு ரகளை பண்றார். குடுங்க"ன்னாங்க. குடுத்தேன். சுத்தமா இருந்துச்சு.

— ...

— அந்த மேசையில, அவசரப்படாத ஆள் ஒருத்தர் உட்காரணும். எதிர்ல நிக்கிறவங்க கேள்வியை அவங்களே மு... முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். எனக்கு அவசரப்பட வராது. இதுதான் என் பதில். முழுங்கலாம்.

— எப்பவோ முழுங்கிட்டேன்.

— அழுறீங்களா?

— இல்ல. தண்ணி தப்பான பக்கம் போயிடுச்சு. ஏன்டி... ஏன் இதை என்கிட்ட சொல்லவே இல்ல?

— சொன்னேனே. வார்டுல. சுத்தி உங்க கடை ஆளுங்க எல்லாம் நின்னாங்க. "அந்த ஆள் வந்து மு... மு..."ன்னு ஆரம்பிச்சேன். நீங்க படுத்துக்கிட்டே "முட்டாள்"னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. உங்களுக்குத் தையல் வலிச்சுது. நானும் விட்டுட்டேன்.

— நான் நல்லாயிட்டேன்னு எல்லாரும் சிரிக்கணுமேன்னு...

— தெரியும்ங்க. கோ... கோவம் இல்ல.

— அப்ப நான் முடிச்சு வெச்சதெல்லாம் தப்பா?

— எல்லாம் இல்ல. நிறைய.

— உதாரணத்துக்கு?

— இந்தச் சுவரு.

— சுவருக்கு என்ன? நீதானே நீலம் கேட்டே? பெயின்டரை வெச்சுக்கிட்டே கேட்டேன், என்ன கலர்னு. நீ "நீ... நீ..."ன்னே.

— "நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னு சொல்ல வந்தேன்.

— எனக்கு நீலமே பிடிக்காதே! உனக்காக ஆறு வருஷமா இந்த நீலத்தைப் பார்த்துக்கிட்டுச் சோறு தின்னுக்கிட்டிருக்கேன்!

— எனக்கும் பிடிக்காது.

— சிரிக்காதே. பொண்ணு எப்படி? அவளும் இப்படித்தான் முடிச்சு வெப்பாளா?

— இல்ல. அவ காத்திருப்பா. பொறந்ததுலேர்ந்தே. அவளுக்கு யாரும் சொ... சொல்லிக் குடுக்கலை.

— ம்.

— வாயில தண்ணி இருக்கா?

— இல்ல. சும்மாதான் ம்முன்னேன். சரி... கடைசிக் கேள்வி. அதிகாரிங்க எல்லாரும் கடைசியில இதைத்தான் கேட்பாங்க. எங்ககிட்ட நீங்க கேட்க வேண்டியது ஏதாவது இருக்கா?

— இருக்கு.

— கேளு.

— நாளைக்கு நான் த... தனியாப் போகலாமா?

— வெளிய பெஞ்சுல கூட உட்காரக் கூடாதா? ஓரமா? கையில பேப்பரை வெச்சுக்கிட்டு?

— கதவு திறந்திருந்தா?

— ...சரி. உண்மைதான். பேப்பரையும் மீறி வந்துடும். பஸ் ஸ்டாப்?

— பஸ் ஸ்டாப் சரி. திரும்பி வர்றப்ப.

— எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன். "எப்படிப் போச்சு"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிறேன். பாட்டில்ல தண்ணி கொண்டு வரேன்.

— சரி.

— இப்ப நான் ஒண்ணு கேட்கட்டுமா? அதிகாரியா இல்ல.

— கேளுங்க.

— அந்த முன்ரூம்ல... உங்கப்பா கேட்டப்ப. அதையும் நான்தானே முடிச்சேன்.

— விடுங்க. ப... பழைய கதை.

— விட முடியாது. ஊர் பூராச் சொல்லிச் சிரிக்க வெச்சிருக்கேன் அதை. "பி"ன்னு ஆரம்பிச்சா ரெண்டுதான் இருக்கு. பிடிச்சிருக்கு. இல்லைன்னா பிடிக்கலை. எதுவா இருந்தாலும் நேராச் சொல்லிடு. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

— ரெண்டும் இல்லைங்க.

— ரெண்டும் இல்லையா? வேற என்ன இருக்கு அந்த எழுத்துல? பிரமாதம்? பிசாசு? பிழைச்சுப் போகட்டும்?

— தண்ணி.

— ம்.

— முதல்ல வேற சொல்லைத்தான் நினைச்சேன். அது அ... அடைச்சிடுச்சு. எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அதனால மாத்தினேன். மாத்தினதும் பாதியில நின்னுடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வந்திருக்கும்.

— ம்ம்.

— இப்ப சொல்லிடறேன். பி... பி...

— ம்.

— பி... பி...

— ...

— பிறகு சொல்றேன்.

— அட, முழுங்கிட்டேன்! பிறகு எதுக்கு? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கேன், இப்பவே சொல்லிடேன்!

— சொல்லிட்டேனேங்க. அன்னைக்கு நான் சொல்ல வந்தது அதுதான்.