ஆறு மாடியும் நாரைக்குடிக் கலுங்கும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அய்யா பாண்டீஸ்வரன் அவர்களே, முன்வரிசையில் முகம் சுளித்து வீற்றிருக்கும் பெரியோர்களே, உலையை இறக்கிவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, அடுக்குமாடி என்றாலே அலறி ஓடும் அன்பர்களே, அனைவருக்கும் பால்சாமியின் வணக்கம்.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆண்டு மறக்காது.

ராமநாதபுரத்தின் நடுவே, மூடிக் கிடக்கும் மில் இடத்தில் ஆறு மாடியில் இருநூறு வீடு கட்டுவதா? நாரைக்குடிக் கண்மாய் வயலை இன்னும் கூறு போட்டுத் தனித்தனி வீடு கட்டுவதா? இதற்குத்தான் இன்று கை தூக்கப் போகிறீர்கள். தூக்குமுன் கேளுங்கள்.

பதினொரு வருடம் அந்தக் கண்மாய் பெருகவில்லை. இனி எங்கே பெருகும் என்று என் மகன் வினோத்குமார் அந்த வயலில் மனை வாங்கினான். வாஸ்து பார்த்து வடக்கு வாசல் வைத்தான். வடக்கே, கண்மாய் நிறைந்தால் வழியும் கலுங்கு. எழுபத்தேழாம் வருடம் அது பாய்ந்ததைப் பார்த்தவன் நான். மகனிடம் சொல்லாதவனும் நான்.

போன ஐப்பசியில் பாய்ந்தது. தண்ணீர் முறைப்படி தலைவாசல் வழியாகவே உள்ளே வந்தது. மருமகள் நாகஜோதிக்கு அன்றுதான் இடுப்புவலி. நெல் அவிக்கும் அண்டாவில் உட்காரவைத்துத் தள்ளினோம்.

"மாமா, பேச்சுக் குடுக்காம தள்ளுங்க" என்றாள்.

மேட்டுக்கு வந்தபோது அண்டாவில் இரண்டு பேர். பேத்தி நலம்.

என்ன வீரபத்திரா, எழுந்துவிட்டாய்?

"அதெல்லாஞ் சரி பெரிசு. மாடியில செத்தா பொணத்த எப்படி எறக்குவீக?"

பிறந்தவளை அண்டாவில் கொண்டு வந்தோம். செத்தவனைப் படியில் கொண்டுவர மாட்டோமா?

"எங்க சாமி தலைக்கு மேல அடுத்தவுக கக்கூசு வருமே?" என்கிறார் நாகலெட்சுமி. நியாயம் தாயே. அன்று தெருவின் கக்கூஸ் எல்லாம் என் வீட்டுச் சாமிக்குக் கழுத்தளவு நின்றது. மேலே குழாய்க்குள் போனால் குறைச்சலா?

அகலத்தில் போனால் வயல் போகும். வயல் போனால் வடிகால் போகும். வடிகால் போனால், வந்த தண்ணீர் எங்கே போகும்? உயரத்தில் போனால் வானம்தானே போகும்? வானத்தில் யார் நெல் நட்டார்? வானத்தில் யார் நாற்றுப் பறித்தார்?

எனக்கு ஆறாவது மாடி எழுதுங்கள். ரேகை வைக்கிறேன். லிப்ட் நின்றாலும் ஏறுவேன். அங்கிருந்து பார்த்தால் கலுங்கு தெரியும். பாய்கிற அன்று முதலில் சத்தம் போட ஓர் ஆள் வேண்டும். இந்தத் தடவை சொல்லாமல் இருக்க மாட்டேன்.

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கு நன்றி. தூக்கப்போகும் கைகளுக்கு வணக்கம்.