வித்தவன் முகம்

– எனக்கு ஞாபகம் சரியா இல்ல மாப்பிள்ளை. வியாழக்கிழமை வரைக்கும்னு சொன்னீங்களா, அதைத் தாண்டியும் ஓடும்னு சொன்னீங்களா?

– வரைக்கும்னுதான் சொன்னேன் மாமா. இன்னிக்கு மூணரையோட முடியுது. இன்னும் இருபது நிமிஷம்.

– இருபது நிமிஷத்துல ரெண்டு மனை முடிச்சவன் நான். முப்பது வருஷ புரோக்கர்.

– இது மனை இல்ல. ஆப்ஷன்.

– நீங்கதானே அட்வான்ஸ் மாதிரின்னு சொல்லிக் குடுத்தீங்க? சிமெண்ட் கம்பெனி பங்கு எவ்வளவு ஏறினாலும் எனக்கு ஐநூறுக்கே குடுக்கணும். அதுக்காகப் பங்குக்குப் பன்னெண்டு முன்பணம். ஏறலைன்னா அது மட்டும் போகும். சரியா?

– சரிதான். இப்ப பங்கு எவ்வளவு?

– நானூத்தி எழுவத்தொண்ணு. காலையில இருந்து செத்த பாம்பாட்டம் கிடக்கு.

– நீங்க பன்னெண்டுக்கு வாங்கினது?

– அஞ்சு காசு. அதுக்கும் கேக்க ஆள் இல்ல.

– போன வாரம் ஏழுல நின்னப்பவே வித்துடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

– நான் எதையும் அவசரப்பட்டு வித்ததில்ல. அட்வான்ஸ் தேதி முடிஞ்சா மனைக்காரர் வீட்டுல நேர்ல போய் நிப்பேன். ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிப்பேன். முட்டி வலி தேவலையான்னு விசாரிப்பேன். ரெண்டு நாள் தவணை கேட்டா ரெண்டு வாரம் குடுப்பாங்க. அந்த நம்பிக்கையிலதான் போன் பண்ணேன்.

– யாருக்கு?

– பங்கு வாங்குற ஆப்புல ஒரு நம்பர் இருக்குல்ல. ஒரு பொண்ணு எடுத்துச்சு. இதை எனக்கு வித்தவரை லைன்ல குடும்மா, நான் பேசிக்கிறேன்னேன்.

– என்ன சொன்னாங்க?

– வேற ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டுச்சு. சிரிக்காதீங்க.

– சிரிக்கல மாமா. வித்தவங்க எத்தனையோ பேர். யாருன்னு யாருக்கும் தெரியாது.

– அதான் என்னைக் கொல்லுது. முகம் தெரிஞ்சா கல்லையும் கரைச்சிடுவேன். இங்க யார் காலைப் பிடிக்கிறது?

– பத்தாயிரத்துக்கு மேல போடாதீங்கன்னு சொல்லியிருந்தேன். எவ்வளவு போட்டீங்க? அந்தச் சாவிக்கொத்தை உருட்டாம சொல்லுங்க.

– ரெண்டே முக்கால் லட்சம்.

– ஏது அவ்வளவு?

– உங்க பொண்டாட்டி குடுத்து வெச்சது. உங்களுக்குத் தெரியாம மூணு வருஷமா சேத்தது. ஏழு மாச வயித்தோட இந்த மூணு மாடி ஏறுறா. கீழ்வீடு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், திங்கக்கிழமை முன்பணம் கட்டணும். கொஞ்சம் பெருக்கிட்டா பதிவுச் செலவுக்கும் ஆகும்னு நினைச்சேன்.

– அவளுக்குத் தெரியுமா?

– நாளைக்கு அந்தக் கீழ்வீட்டை அளக்க வரா. டேப் வாங்கி வெச்சிருக்கா, தொட்டில் எங்க போடலாம்னு பாக்க.

– மணி மூணரை மாமா.

– தெரியுது. எல்லா எண்ணும் அப்படியே நின்னு போச்சு.

– போனைக் கவுத்து வைங்க.

– திட்டவாவது செய்யுங்க மாப்பிள்ளை. இப்படி ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கிறது?

– வாங்குறவனுக்குப் போட்டதோட போச்சு. விக்கிறவன் பக்கம் காத்து மாறினா நஷ்டத்துக்கு அளவே கிடையாது. அதனாலதான் உங்களுக்கு வாங்க மட்டும் சொல்லிக் குடுத்தேன்.

– அதெல்லாம் புரிஞ்சுதான் வாங்கினேன்.

– அன்னிக்கு இங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுக் கீழ இறங்கினேன். வண்டியில உக்காந்து வித்தேன். இதே சிமெண்ட், இதே ஐநூறு, இதே வியாழக்கிழமை.

– வித்தது நீங்களா?

– அத்தனை பேர்ல நானும் ஒருத்தன். வித்து வந்த பணமும் கையில நிக்கல மாமா. போன மாசம் இதுல விட்டதை அடைக்கவே சரியாப் போச்சு. அது அவளுக்குத் தெரியாது.

– அப்ப ஒரு டம்ளர் தண்ணி குடுங்க மாப்பிள்ளை. ரெண்டு நாள் தவணை கேக்க வந்திருக்கேன்.